ஒரே வட்டில் இரண்டு வகை: ஹைப்ரிட் சிடி, டிவிடிகள் விதிமுறைப்படி அமைந்தவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பழைய வீடியோ கேசட், சிடி, டிவிடி ஆகியவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கும் கடை எங்களுடையது. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து பெரும்பாலும் கல்யாண வட்டுகள் வருகின்றன. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பெங்களூருவில் பழைய கடைகளில் வாங்கிய வெளிநாட்டு இசை வட்டுகளையும் கொண்டுவருகிறார்கள். அவற்றில் சில, ஒரே வட்டில் இரண்டு வகைகளை அடக்கியவை. "இது ஒரிஜினலா, போலியா? சட்டப்படியான வட்டா?" என்ற கேள்வி அவற்றோடு கூடவே வருகிறது. கடையில் நின்றபடி துண்டு துண்டாகச் சொல்லி முடியவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

ஹைப்ரிட் வட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு வெவ்வேறு விதமான கருவிகளோ மென்பொருள்களோ படிக்கும்படி தயாரிக்கப்பட்ட ஒரே வட்டு. இதில் மூன்று இனம் உண்டு. ஒரு பக்கம் சிடி, மறு பக்கம் டிவிடி என்று இரண்டு முகம் கொண்டவை முதல் இனம். ஒரே பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு கொண்டவை இரண்டாவது. வட்டு சாதாரணமானதுதான், ஆனால் அதில் எழுதப்பட்ட தகவலின் அமைப்பு இரண்டு விதமாகப் படிக்கப்படும் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

விதிமுறை என்பது யார் போட்டது? அரசாங்கமா?

அரசாங்கம் இல்லை. ஆடியோ சிடிக்கான விதிகளை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் வகுத்தன. அட்டையின் நிறத்தை வைத்து அதற்கு ரெட் புக் என்று பெயர். பின்னால் வந்த ஒவ்வொரு சிடி வகைக்கும் ஒரு நிறம் கிடைத்தது: கணினி சிடிக்கு எல்லோ புக், எழுதத்தக்க சிடிக்கு ஆரஞ்சு புக், விசிடிக்கு வொயிட் புக். டிவிடிக்கான விதிகள் டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பின் கையில் இருக்கின்றன. புளூ-ரேக்கு அதற்கென்று தனிச் சங்கம்.

இவற்றில் சில பின்னர் பொதுத் தரங்களாகவும் ஏற்கப்பட்டன. ரெட் புக்கின் உள்ளடக்கம் ஐஇசி என்ற பன்னாட்டுத் தர அமைப்பில் 60908 என்ற எண்ணில் இருக்கிறது. எக்மா என்ற இன்னொரு தர அமைப்பில் கணினி சிடியின் விதி எக்மா 130, டிவிடி-ரோமின் விதி எக்மா 267. எக்மா தரங்களை யாரும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். பொழுது போகாதவர்கள் படித்துப் பாருங்கள். பத்திரப் பதிவு ஆவணத்தைவிடச் சுவையாகவே இருக்கும்.

இவை காவல்துறை வந்து கேட்கும் சட்டங்கள் அல்ல. விதியை மீறி வட்டு தயாரித்தால் யாரும் கைதாக மாட்டார்கள். அந்த வகைக்குரிய சின்னத்தை அட்டையில் அச்சிட உரிமம் கிடைக்காது. சின்னம்தான் இங்கே சான்றிதழ்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: ஹைப்ரிட் வட்டு விதிமுறைப்படி இருக்கிறதா, இல்லையா?

கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. வட்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு விதி கிடையாது. இந்தப் பக்கம் எந்தப் புத்தகத்துக்குக் கட்டுப்படுகிறது, அந்த அடுக்கு எந்தப் புத்தகத்துக்குக் கட்டுப்படுகிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே வட்டில் ஒரு பக்கம் விதிக்குள்ளும் மறு பக்கம் விதிக்கு வெளியிலும் இருக்கலாம். அப்படி ஒரு வட்டு உலகம் முழுவதும் விற்கவும் பட்டது. அதைத்தான் அடுத்து பார்க்கப் போகிறோம்.

ஒரு பக்கம் சிடி, மறு பக்கம் டிவிடி உள்ள டூயல்டிஸ்க்கில் ஏன் சிடி சின்னம் இல்லை?

தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் கூட்டாக டூயல்டிஸ்க்கைக் கொண்டுவந்தன. ஒரு பக்கம் பாட்டு, திருப்பிப் போட்டால் காணொளி. யோசனை நல்ல யோசனைதான். சிக்கல் கணக்கில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். சிடியில் லேசர் கதிர் சுமார் 1.2 மி.மீ. தடிமனுள்ள தெளிந்த பிளாஸ்டிக்கைக் கடந்து போய்த்தான் தகவல் அடுக்கைத் தொடுகிறது. விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு 1.1 மி.மீ. டிவிடியில் அந்தப் பிளாஸ்டிக் 0.6 மி.மீ. மட்டுமே. ஒரு சாதாரண டிவிடியே 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்ததுதான். இப்போது முதுகோடு முதுகாக ஒரு சிடியையும் டிவிடியின் ஒரு பாதியையும் ஒட்டினால் 1.2 கூட்டல் 0.6, ஆக 1.8 மி.மீ. வட்டின் மொத்தத் தடிமன் 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று இரண்டு தரப்பு விதிகளுமே சொல்கின்றன. சிடி பக்கத்தை விதி அனுமதிக்கும் அடிமட்டமான 1.1க்கு இறக்கினாலும் 1.7 ஆகிறது. எப்படிக் கூட்டினாலும் இடிக்கிறது.

என்ன செய்தார்கள் என்றால், சிடி பக்கத்தை 0.9 மி.மீ. ஆக்கினார்கள். 0.9 கூட்டல் 0.6, சரியாக 1.5. வட்டின் மொத்தத் தடிமன் விதிக்குள் வந்துவிட்டது. டிவிடி பக்கம் டிவிடி விதிக்குள் இருக்கிறது. அதனால் டிவிடி சின்னம் உண்டு. பலிகொடுக்கப்பட்டது சிடி பக்கம். 0.9 மி.மீ. ஆழத்தில் தகவலை வைக்க ரெட் புக்கில் எந்த இடமும் இல்லை. ஆகவே சிடி சின்னம் கிடைக்கவில்லை. ஒலிப் பக்கம் சிடி விதிகளுக்கு இணங்காது, எல்லாக் கருவிகளிலும் ஓடாமல் போகலாம் என்ற பொருளில் அட்டையிலேயே சிறிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரெட் புக்கை எழுதிய இருவரில் ஒருவர் சோனி. டூயல்டிஸ்க்கை விற்ற கூட்டணியில் சோனி பிஎம்ஜியும் உண்டு. தன் வீட்டு விதிக்குத் தன் வீட்டுச் சரக்கே வெளியே நின்றது.

0.3 மி.மீ. குறைவதால் என்ன குடி முழுகிவிடும்?

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லேசருக்குத் தெரியும். சிடி கருவியின் லென்ஸ் 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கடையப்பட்டது. பிளாஸ்டிக்கும் லென்ஸின் ஒரு பகுதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் குறைந்தால் கதிர் ஒரே புள்ளியில் குவியாமல் ஓரங்களில் கசிகிறது. 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுழன்று செல்லும் தடத்தில் இருக்கும் நுண்குழிகளின் விளிம்பு மங்கலாகிறது. பக்கத்து வீட்டாருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது போன்ற நிலை. எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம், ஆனால் தடுமாறும்.

சிடியில் பிழைதிருத்தும் ஏற்பாடு வலுவானது. அதனால் நல்ல நிலையில் உள்ள கருவி இந்தத் தடுமாற்றத்தை வெளியில் காட்டாமல் பாட்டைப் பாடிவிடும். அதே வட்டில் ஒரு கீறல் விழுந்தாலோ, கருவியின் லேசர் வயதாகி ஒளி குறைந்தாலோ, பிழைதிருத்தும் ஏற்பாட்டுக்கு இருந்த இருப்பு ஏற்கெனவே செலவழிந்து போயிருக்கும். சாதாரண சிடி தாங்கும் கீறலை இது தாங்காது.

எங்கள் வீட்டு பிளேயரில் அருமையாகப் பாடுகிறதே?

பாடட்டும். ஒரு கருவியில் ஓடுவது வட்டு விதிப்படி இருப்பதற்குச் சான்று ஆகாது. ஓடாமல் போவதும் விதிமீறலுக்குச் சான்று ஆகாது. 1997 வாக்கில் வந்த முதல் டிவிடி பிளேயர்கள் பலவற்றில் விதிப்படி எழுதப்பட்ட சிடி-ஆர் (எழுதத்தக்க சிடி) ஓடவே ஓடாது. டிவிடியின் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியை சிடி-ஆரின் சாயம் திருப்பி அனுப்பாது. சிடிக்கென்று 780 நானோமீட்டர் லேசர் ஒன்றைத் தனியாக வைத்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. குற்றம் வட்டில் இல்லை.

காரில், பஸ்ஸில் போடலாமா?

டூயல்டிஸ்க்கை வாயால் விழுங்கும் வகைக் கருவியில் போட வேண்டாம். தடிமன் விதியின் கடைசி விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேல் ஒட்டுத்தாள் எதையாவது ஒட்டியிருந்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வட்டை நெம்பி எடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

எஸ்ஏசிடி ஹைப்ரிட் என்று எழுதியிருக்கிறது. இதற்கும் அதே கதியா?

இல்லை. இது அழகாக யோசித்துச் செய்யப்பட்ட வட்டு.

எஸ்ஏசிடி என்னும் சூப்பர் ஆடியோ சிடியை சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்தன. அதற்கென ஸ்கார்லெட் புக் என்று தனி விதிப்புத்தகம் உண்டு. ஹைப்ரிட் வகையில் இரண்டு அடுக்குகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடர்த்தியான எஸ்ஏசிடி அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில். சாதாரண சிடி அடுக்கு 1.2 மி.மீ. ஆழத்தில், அதாவது ரெட் புக் சொன்ன இடத்திலேயே. முதல் அடுக்கில் பூசப்பட்ட பூச்சுதான் இதில் சூட்சுமம். 650 நானோமீட்டர் ஒளி வந்தால் அதைத் திருப்பி அனுப்பும். 780 நானோமீட்டர் ஒளி வந்தால் வழிவிட்டுவிடும். ஆகவே சாதாரண சிடி பிளேயருக்கு நடுவில் இன்னொரு அடுக்கு இருப்பதே தெரியாது. அது கடந்து போய் சிடி அடுக்கைப் படித்துக்கொள்கிறது.

டூயல்டிஸ்க்கில் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைக் காப்பாற்றினார்கள். இதில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு அடுக்கும் அதனதன் புத்தகத்தின்படியே அமைந்தவை. இரண்டு புத்தகங்களையும் எழுதியவர்கள் ஒரே கையினர் என்பதால் இது சாத்தியமாயிற்று என்பது எங்கள் எண்ணம். வியாபாரக் கூட்டணி அவசரமாக ஒட்டவைப்பதற்கும், விதியை எழுதினவரே உட்கார்ந்து திட்டமிடுவதற்கும் உள்ள வித்தியாசம் 0.3 மி.மீ.யில் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை: இதை டிவிடி என்று நினைத்து வாங்காதீர்கள். சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால் சிடி அடுக்கின் பாட்டு மட்டுமே கேட்கும். எஸ்ஏசிடி அடுக்கைப் படிக்க அதற்குரிய கருவி வேண்டும். சாதாரணக் கணினி டிரைவுகளாலும் அதைப் படிக்க முடியாது.

எச்டி டிவிடி, புளூ-ரே ஹைப்ரிட்?

மேலே சொன்ன கூட்டல் கணக்கை இங்கேயும் போடுங்கள், விடை வந்துவிடும். டிவிடிக்கு அடுத்த தலைமுறையாக வந்த எச்டி டிவிடியின் தகவல் அடுக்கும் டிவிடியைப் போலவே 0.6 மி.மீ. ஆழத்தில்தான். இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டினால் 1.2 மி.மீ. இடிப்பே இல்லை. அதனால் இரண்டு பக்க வட்டுகள் பிரச்சினையின்றி விற்றன. ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்த வட்டுகளும் வந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியையே கைவிட்டதால் அந்தக் கதை முடிந்தது. விதி மீறலால் அல்ல, சந்தையில் தோற்றதால்.

புளூ-ரேயின் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, படிப்பது 405 நானோமீட்டர் ஊதா ஒளி. ஆக 0.1, 0.6, 1.2 என்று மூன்று ஆழங்கள். ஒரே பக்கத்தில் புளூ-ரேயையும் டிவிடியையும் அடுக்கிய வட்டுகள் ஜப்பானில் 2009இல் விற்பனைக்கு வந்தன. 2010இல் புளூ-ரே சங்கம் இன்னொரு வகையையும் அறிவித்தது: ஒரு அடுக்கு படிக்க மட்டும், மறு அடுக்கு அழித்து எழுதத்தக்கது. நம் ஊர்ப் பக்கம் இவை அகப்படுவது அபூர்வம்.

பாட்டு சிடிதான். கணினியில் போட்டால் மட்டும் வீடியோ வருகிறது. இது எந்த இனம்?

மூன்றாவது இனம். அடுக்கு ஒன்றுதான், எழுதிய விதம் இரண்டு. இதற்கு 1995இல் புளூ புக் வந்தது. வட்டின் உட்புறத்தில் முதல் அமர்வாக (ஒரே மூச்சில் எழுதி மூடும் பகுதி) பாட்டுகளை எழுதி மூடிவிட வேண்டும். அதற்கு வெளியே இரண்டாவது அமர்வாகக் கணினிக் கோப்புகள். பாட்டு பிளேயருக்கு முதல் அமர்வு மட்டுமே தெரியும். கணினி கடைசி அமர்வைத் தேடிப் போகும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. முழுக்க விதிப்படியானது.

இதற்கு முன்பு வேறொரு வழக்கம் இருந்தது: கோப்புகளை முதல் தடத்திலும் பாட்டுகளை அடுத்த தடங்களிலும் எழுதுவது. பழைய பிளேயர்கள் அந்த முதல் தடத்தையும் பாட்டு என்றே எண்ணி வாசிக்கத் தொடங்கும். ஒலிபெருக்கியைக் கிழிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். பழைய கணினி விளையாட்டு வட்டுகளில் இதைக் காணலாம். ஸ்பீக்கர் மேல் ஆசை இருந்தால் முதல் தடத்தைத் தாண்டிப் போடுங்கள்.

எங்கள் கல்யாண டிவிடியில் வீடியோவோடு போட்டோக்களும் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. இதுவும் ஹைப்ரிட்தானே? விதிப்படி சரியா?

சரிதான். நம் மாவட்டத்து ஸ்டுடியோக்கள் செய்த வேலைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளக்கூடியது இது. டிவிடி வீடியோவின் விதி, 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரையும் அதற்குள் இருக்க வேண்டிய கோப்புகளின் வரிசையையும் கறாராகச் சொல்கிறது. அதைத் தவிர வேறு ஃபோல்டர்கள் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிளேயர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கவனிக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். கல்யாண டிவிடி ஒவ்வொன்றுமே ஒரு வகையில் ஹைப்ரிட்தான். அதில் கோப்புகளின் பட்டியல் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும்: பிளேயருக்காக யுடிஎஃப் 1.02 முறையில் ஒன்று, பழைய கணினிகளுக்காக ஐஎஸ்ஓ 9660 முறையில் ஒன்று. இரண்டு பட்டியல்களும் சுட்டுவது அதே கோப்புகளை. இதை விதியே கேட்கிறது. தாலி கட்டும் காட்சி ஒரு முறைதான் பதிவாகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழி இரண்டு.

ஸ்டுடியோக்காரர் கொடுத்த வட்டில் டிவிடி சின்னம் இல்லை, 'ஆர்டபிள்யூ' என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. எழுதத்தக்க டிவிடியில் இரண்டு கட்சி உண்டு. கழித்தல் குறி போட்ட டிவிடி-ஆர், டிவிடி ஃபோரம் வகுத்தது. கூட்டல் குறி போட்ட டிவிடி+ஆர், சோனி, பிலிப்ஸ் முதலியோர் சேர்ந்த வேறொரு கூட்டணி வகுத்தது. ஃபோரத்தின் சின்னம் ஃபோரத்தின் வட்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே கூட்டல் குறி வட்டில் 'ஆர்டபிள்யூ' என்ற வேறு சின்னம். ஆனால் அதற்கும் எக்மா 349 என்ற பொதுத் தரம் இருக்கிறது. விதி இல்லாத வட்டு அல்ல. வேறு வீட்டு விதி.

இதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு, அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட திருட்டுத்தனம். ஒவ்வொரு டிவிடியிலும் "நான் இந்த வகை" என்று அறிவிக்கும் ஒரு குறியீடு உட்புறத்தில் பதிந்திருக்கும். பழைய பிளேயர்கள் அதைப் பார்த்து, தெரியாத வகையென்றால் உள்ளே விடாமல் தள்ளிவிடும். கூட்டல் குறி வட்டை எழுதும்போது சில டிரைவுகள் அந்தக் குறியீட்டை 'டிவிடி-ரோம்' என்று மாற்றி எழுத வசதி தந்தன. ஆலையில் அச்சிட்ட வட்டு என்று நம்பி பிளேயரும் ஓட்டிவிடும். ஓடுவதற்காகத் தன் வகையையே மாற்றிச் சொல்லும் வட்டு! விதிக்கு இணங்குவதும் ஓடுவதும் வேறு வேறு என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை (வட்டின் தரவு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) டிவிடியில் எழுதினாலும் பூட் ஆகிறது, பென் டிரைவில் அப்படியே எழுதினாலும் பூட் ஆகிறது. இது ஐஎஸ்ஓ 9660 விதியை மீறுகிறதா?

செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருப்பதால் இந்தக் கேள்வியும் வருகிறது, வரவேற்கிறோம்.

மீறவில்லை. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660, வட்டின் முதல் 16 பிரிவுகளை (செக்டர்) தொடாமல் விட்டுவைத்திருக்கிறது. பிரிவுக்கு 2048 பைட் வீதம் 32,768 பைட். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று அது சொல்லவில்லை. கணினிக்கு விடப்பட்ட புறம்போக்கு. கோப்பு முறையின் தலைப்பு 16ஆம் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது. பென் டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டிய கணினி தேடுவது முதல் 512 பைட்டில் உள்ள எம்பிஆர் என்ற பூட் தொடக்கப் பகுதியை. அது அந்தப் புறம்போக்கில் தாராளமாகப் பொருந்துகிறது. டிவிடியாகப் படிக்கும் கணினி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. முன்பு ஆப்பிள் கணினிக்கும் விண்டோஸுக்கும் பொதுவான வட்டுகள் செய்தவர்களும் இதே இடத்தில்தான் ஆப்பிளின் பிரிவினைப் பட்டியலை வைத்தார்கள். விதி பேசாமல் விட்ட இடத்தைப் பயன்படுத்துவது மீறல் ஆகாது.

விசிடி?

1993இல் வந்த வொயிட் புக்கின்படி செய்தால் விதிப்படியானது. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று வட்டு ஆனது அதனால்தான். ஹைப்ரிட் விவகாரம் இதில் பெரிதாக இல்லை.

90 நிமிடம், 99 நிமிடம் என்று எழுதிய வெற்று சிடிகள்?

விதிக்கு வெளியே. ஆரஞ்சு புக்கின்படி நேரக் குறியீடு 80 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே நின்றுவிடும். அதற்கு மேல் எழுதுவது டிரைவின் தயவு.

சின்னம் இல்லாத வட்டு என்றால் போலி என்று முடிவுகட்டலாமா?

கூடாது. சின்னம் இல்லாத அசல்களும் உண்டு, சின்னம் அச்சிட்ட திருட்டு வட்டுகளும் ஏராளம். 2002 வாக்கில் சில இசை நிறுவனங்கள், கணினியில் நகல் எடுக்க முடியாதபடி வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திப் பாட்டு வட்டுகளை வெளியிட்டன. இவை ரெட் புக்கை மீறுகின்றன, சிடி சின்னம் போடக் கூடாது என்று பிலிப்ஸ் சொல்லிவிட்டது. அந்த வட்டுகள் அசல் நிறுவனத்தின் அசல் சரக்கு. விதிக்கு மட்டும் வெளியே.

வாங்கும்போது கையில் வைத்து எப்படிப் பார்ப்பது?

முதலில் இரண்டு பக்கமும் திருப்புங்கள். இரண்டும் பளபளத்து, எழுத்து எல்லாம் நடுத்துளையைச் சுற்றிய குறுகிய வளையத்துக்குள் ஒடுங்கியிருந்தால் அது இரண்டு பக்க வட்டு. பிறகு சின்னங்கள்: டிவிடி சின்னம் மட்டும் இருந்து, பாட்டு பக்கத்தில் சிடி சின்னம் இல்லையென்றால் டூயல்டிஸ்க் இனம் என்று கொள்ளலாம். அட்டையின் பின்புறச் சிறிய எழுத்துகளைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். எச்சரிக்கை அங்கேதான் பதுங்கியிருக்கும். சாதாரண சிடி ஒன்றை அருகில் வைத்து விளிம்பை ஒப்பிட்டால் தடிமன் வித்தியாசம் விரல் நகத்துக்கே தட்டுப்படும்.

இரண்டு பக்க வட்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துத் தள்ளிக் காட்டும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். கீழே உரசுவதும் தகவல் பக்கம்தான்.

விதிப்படி இல்லாத வட்டை விற்றதற்குப் புகார் கொடுக்க முடியுமா?

அட்டையில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் வாதம் பலவீனம். வாங்கியவர் படித்திருக்க வேண்டும் என்பார்கள். எச்சரிக்கை இல்லாமல், சாதாரண சிடி என்று சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல இடம் உண்டு. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலிருந்து தொடங்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நடைபாதையில் பில் இல்லாமல் வாங்கியது என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட வட்டைப் பென் டிரைவுக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். ஐஎஸ்ஓ கோப்புக்குள் ஆடியோ தடங்கள் அடங்காது. பாட்டும் கோப்பும் கலந்த புளூ புக் வட்டை அப்படி எடுத்தால் கோப்புகள் மட்டும் வந்து பாட்டுகள் விடுபட்டுப் போகும். பாட்டுகளை ஃபிளாக் அல்லது வேவ் ஒலிக் கோப்புகளாகத் தனியே எடுக்க வேண்டும், தரவு அமர்வைத் தனியே எடுக்க வேண்டும். டூயல்டிஸ்க் என்றால் இரண்டு பக்கத்தையும் இரண்டு வேலையாக எடுக்க வேண்டும். சிடி பக்கத்தை மெதுவான வேகத்தில் ஓட்டினால் நல்லது. வேகம் கூடினால் 0.9 மி.மீ.யின் தடுமாற்றம் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். எஸ்ஏசிடி ஹைப்ரிட்டில் சிடி அடுக்கை மட்டுமே எங்களால் எடுத்துத் தர முடியும்.

ஓசூரிலிருந்து கூரியரில் அனுப்பலாமா?

அனுப்பலாம். உறையில் வெறுமனே போடாமல் கெட்டி டப்பாவில் வைத்து அனுப்புங்கள். இரண்டு பக்க வட்டின் மேல் பெயரோ எண்ணோ எழுத வேண்டாம், ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம். தனிச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். எந்தப் பக்கம் வேண்டும், பாட்டா வீடியோவா இரண்டுமா என்பதையும் அதே சீட்டில் குறிப்பிட்டுவிடுங்கள். அசல் அட்டை இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள். சின்னங்களைப் பார்த்தால்தான் எந்த டிரைவில் போடுவது என்று முடிவு செய்ய முடியும்.